பிக்கப்புக்கு ஒரு ரிட்டர்ன் லோடு

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் தெருவில் சேலை கட்டிக்கொண்டு பிக்கப் ஓட்டியவள் நான் ஒருத்திதான்.

எட்டு சிலிண்டர் வண்டி. பின்னால் நீளமான தொட்டி. தொண்ணூற்று நான்கில் பழசாக வாங்கினோம். வீட்டில் சமைத்து விசேஷங்களுக்குக் கொடுப்பது என் வேலை. அண்டாக்கள் காரில் ஏறாது. இதில் நான்கு அண்டா நிற்கும். மடக்கு மேசையும் கூட வரும்.

பெட்ரோல் குடிக்கத்தான் குடித்தது. வாங்கிய புதிதில் கேலனுக்குப் பதினான்கு மைல் கொடுத்தது. போகப்போகப் பன்னிரண்டு. ஒரு வருஷம் டயர் கேட்கும், அடுத்த வருஷம் ரேடியேட்டர். தொண்ணூற்றெட்டில் பெட்ரோல் சல்லிசு. அதனால் வீட்டில் பேச்சில்லை.

இரண்டாயிரத்தில் விலை ஏறியது. பேச்சும் ஏறியது.

வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். முதலில் ஏ.சி. போடாமல் ஓட்டச் சொன்னார். அப்படியே ஒரு வளைகாப்புக்குப் போனேன். ஜூலை மாதம். ஃப்ரீவேயில் ஏதோ விபத்து. கண்ணாடியை இறக்கிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். போய்ச் சேர்ந்தபோது தயிர்சாதம் புளித்துப்போயிருந்தது. அங்கேயே பால் வாங்கி ஊற்றிக் கிளறிச் சரிக்கட்டினேன். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஏ.சி. பற்றி அதற்குப்பின் அவர் பேசவில்லை.

வேறொன்று பேசினார்.

"ஏம்புள்ள, இது வண்டியில்ல, யானை. தீனி போட்டு மாளாது. வித்துப்போட்டு ஒரு வேன் வாங்கிக்கலாம்."

அவர் ஆபீஸில் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்ள மாதக் கடைசியில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டாராம். வேனில் இரண்டு அண்டாவுக்கு மேல் வைக்க முடியாது. பெரிய விசேஷங்கள் கைவிட்டுப் போகும். பிறகு நான் செய்வது வேலையில்லை, பொழுதுபோக்கு.

நான் யோசித்தேன்.

என் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டினார். முட்டை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது வெங்காயமோ சிமெண்டோ கிடைக்காமல் கிளம்ப மாட்டார். அதற்காகப் போன ஊரிலேயே காத்துக் கிடப்பார். ரிட்டர்ன் லோடு கிடைத்தால்தான் அந்த நடை கட்டுபடியாகும். நானோ சனிக்கிழமை தோறும் ஹூஸ்டனின் மறுகோடிக்குப் போய், கழுவாத அண்டாக்களோடு திரும்பிக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் மகளுக்கு அது அத்தனை நாள் உறைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் தமிழ் பாய். அரிசி எடுக்க அதே மறுகோடியில் இருக்கும் குடோனுக்கு வாரம் ஒருமுறை கடையைப் பூட்டிவிட்டுப் போவார். அவரிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை நான் அந்தப் பக்கந்தான் போறேன் பாய். வரும்போது உங்க அரிசிய ஏத்திட்டு வந்தர்றேன். போக வரப் பெட்ரோல் மட்டும் நீங்க போட்டுருங்க."

பாய் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எத்தன மூட்டை தாங்கும்க்கா?"

"ஏத்துங்க. தாங்காட்டி நான் சொல்றேன்."

முதல் சனிக்கிழமை வீட்டுக்காரரும் கூட வந்தார். விருந்தை இறக்கிவிட்டு, அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஓரம் கட்டினேன். குடோனில் இருபது கிலோ மூட்டைகள் விழ விழ வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. அவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"ஒடஞ்சிருமாட்ட இருக்குது புள்ள."

"அதுக்குத்தானுங்க அடியில பாரந்தாங்கக் கமான் பட்டை போட்டிருக்கான்."

வலது பக்க லேனிலேயே நிதானமாக ஓட்டி வந்தேன். அன்று கேலனுக்குப் பத்து மைல்தான் கொடுத்தது. அந்த வண்டி கொடுத்ததிலேயே அதுதான் குறைச்சல். ஆனாலும் பாய் சொன்னபடி டேங்கை நிரப்பி விட்டார். வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுவாரமும் தானாகவே வந்து ஏறிக்கொண்டார்.

மாதக் கடைசியும் ஒரு சனிக்கிழமையாக வந்தது. நான் அண்டாக்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ்காரர் வந்து வாசலில் காரை நிறுத்தினார். வீட்டுக்காரர் அவரிடம் போய் ஏதோ பேசினார். ஆபீஸ்காரர் வண்டியை ஒரு தரம் பார்த்தார், என் சேலையை ஒரு தரம் பார்த்தார். கை குலுக்கிவிட்டுக் கிளம்பிப் போனார்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இன்னைக்கு எத்தன மூட்டை புள்ள?"

"முப்பதுங்க" என்றேன்.