கெட்டிமேளம் கேட்டபோது நான் சமையற்கட்டில் இருந்தேன்

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். சினிமா பார்ப்பதும் அதைப் பற்றி ஓயாமல் பேசுவதும் தவிர வேறு கெட்ட பழக்கம் எனக்கு இருந்ததில்லை. அந்த ஒரு பழக்கத்தால் என் நண்பனுக்கு ஒரு கெடுதல் செய்தேன். அவன் அதை அப்போதே விட்டுவிட்டான். என்னைத்தான் அது இன்னும் விடவில்லை.

அவன் விழுப்புரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கல்யாணங்களை வீடியோ எடுக்கும் மோகம் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. அவனும் ஒரு கேமரா வாங்கினான். போட்டோவை அவன் எடுப்பது, வீடியோவை விடுமுறை நாட்களில் நான் எடுப்பது என்று ஏற்பாடு. கேமராவைப் பிடிக்க எனக்கு இருந்த தகுதி ஒரு சிறிய புத்தகம்.

சென்னையில் ஜப்பானியப் படங்களைத் திரையிட்ட ஒரு விழாவில் அதை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த நாட்டுத் திரைப்படப் பள்ளி ஒன்றைப் பற்றியது. அங்கே சேருகிறவர்களிடம் எடுத்தவுடன் சினிமா கேமராவைக் கொடுப்பதில்லையாம். முன்பின் தெரியாத ஒரு சாதாரண மனிதரைப் பிடித்து, மாதக்கணக்கில் அவர் பின்னால் அலைந்து, அவருடைய வாழ்க்கையைப் புகைப்படங்களாலும் அவர் குரலாலும் சொல்லவேண்டும். அதில் தேறினால்தான் மற்றதெல்லாம். கடைசிப் பக்கங்களில் அங்கே படித்துப் பேர் வாங்கியவர்களின் பட்டியல். மீன் சந்தையில் ஐஸ் உடைப்பவரை ஆராயப் போனவர், பிறகு அந்தச் சந்தையையே முழுப் படமாக எடுத்துப் பரிசு வாங்கியிருந்தார். பொதுக் குளியலறை வாசலில் செருப்புக்குக் காவல் இருந்த கிழவியைப் பின்தொடர்ந்த பெண், பெரிய ஒளிப்பதிவாளர் ஆகியிருந்தார். இன்னொருவர் படிப்பு முடிந்ததும் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, ஒரே ஒரு படம் எடுத்தவர். வாயில் நுழையாத அந்தப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்து, டீக்கடையில் நண்பனிடம் ஒப்பிப்பேன். அவன் என்னை ஜப்பான் என்றே கூப்பிட ஆரம்பித்தான்.

“இங்க ஒரு பொண்ணு ஊட்டுக்காரங்க பின்னால மாசக்கணக்குல சுத்திக்கினு இருந்தா, தோல உரிச்சிடுவாங்கடா ஜப்பான்” என்பான். ஆனால் லாரிக்காரர் கதையை மட்டும் அவனே திரும்பத் திரும்பக் கேட்பான்.

ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் மூத்த மகளுக்குத் திண்டிவனத்து மண்டபத்தில் கல்யாணம். அந்த வட்டாரத்தில் நல்ல செல்வாக்குள்ள குடும்பம். இந்த ஒரு கல்யாணம் நன்றாக அமைந்தால் சுற்றுப்பட்டு ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் ஸ்டுடியோவுக்கு வரும் என்று நண்பன் நம்பியிருந்தான். முதல் நாளே கேமராவைத் துடைத்து, பேட்டரியைச் சார்ஜ் போட்டு, எனக்கு நூறு தடவை புத்தி சொல்லியிருந்தான்.

காலையில் பெண்ணைக் கூறைப்புடவை மாற்ற அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்து எந்தப் பெண்ணும் அரை மணிக்குக் குறைந்து புடவை மாற்றியதில்லை. அந்த இடைவெளியில் சமையற்கட்டுக்குப் போனேன். தலைமைச் சமையல்காரர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். எத்தனை கல்யாணத்துக்குச் சமைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். “கணக்கு இல்ல சார். ஆனா தாலி கட்டி ஒண்ணுகூட பாத்தது இல்ல” என்றார். ஜப்பான் பள்ளி சொன்ன மனிதர் கிடைத்துவிட்டார் என்று கேமராவைத் தோளில் ஏற்றினேன்.

அவர் அண்டாவைத் திருப்பி வைத்த நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. ஓடியிருக்க வேண்டும். அவரோ ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மூட்டையிலிருந்து ஒரு பிடி பச்சரிசி எடுத்து, மண்டபத்துப் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் போட்டார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டார். அவ்வளவும் கேமராவுக்குள் இருந்தது. நான் மேடைக்கு ஓடியபோது மூன்றாவது முடிச்சும் விழுந்திருந்தது.

தாலி கட்டியது வந்ததா என்று பெண்ணின் அப்பா கேட்டார். சமையல்காரரை எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேட்டரி நின்றுவிட்டது என்றேன். அவர் நண்பன் பக்கம் திரும்பினார்.

“சார்ஜ் போட்டுக் கொண்டாரமாட்டியாய்யா?”

நண்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “மறந்துட்டேங்க. தப்பு என்னுதுதான்” என்றான்.

இன்னொரு தடவை கட்டச் சொல்லி எடுத்துக்கொள்ளலாமே என்று நான் வேறு யோசனை சொன்னேன். பெண்ணின் அத்தை பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. கெட்டிமேளச் சத்தத்தோடு கேசட்டில் கிடந்த சமையல்காரரை ஓடவிட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். பேட்டரி மாற்றுகிற சாக்கில் கேசட்டைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தின் மேலேயே பந்தியைப் பதிவு செய்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல காட்சியின் மேல் இலை போட்டு வடை பரிமாறினார்கள்.

போட்டோக்கள் அருமையாக வந்தும் பலனில்லை. சார்ஜ் போட மறந்த ஸ்டுடியோ என்று பேர் பரவியது. தை மாதக் கல்யாணங்கள் வேறு கடைக்குப் போயின. வைகாசியிலும் அப்படித்தான். நண்பன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் வழக்கம்போல் டீ குடித்தேன்.

அடுத்த தையும் அப்படியே போனபிறகுதான் அவனிடம் சொன்னேன். அவன் கழுவிக்கொண்டிருந்த பிரிண்டைக் கிளிப்பில் மாட்டினான்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்டா. வீட்டுக்குப் போய் பேட்டரியப் போட்டுப் பாத்தேன். அதுபாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்டா சும்மா இருந்தே?”

“நீ வாத்தியாரு. பொய் சொன்னேன்னு ஊர்ல பேசினா, நாளைக்குப் பசங்க மதிப்பானுங்களா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். இவ்ளோ நாள் ஆவும்னு நினைக்கலை.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனை இழுத்துக்கொண்டு ஒலக்கூருக்குப் பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பா, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைக் களத்தில் காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜப்பான் பள்ளியையும் விடவில்லை. அவர் முகம் கறுத்துப் பிறகு மெல்ல மாறியது. சமையல்காரர் அரிசி போட்டதை இரண்டு தடவை கேட்டார். கையை எந்தப் பக்கம் நீட்டினார் என்றுகூடக் கேட்டார்.

“சரி சார், அதையாவது போட்டுக் காட்டுங்க. பாப்போம்.”

அழித்துவிட்டேன் என்றேன்.

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வாம்மே, தாலியும் போச்சாம், ஆசீர்வாதமும் போச்சாம், சாரு பந்தியத்தான் பத்திரமா வச்சிருக்காராம்!” அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நண்பனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது; சிரிக்க உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மோர் கொடுத்தார்கள். கிளம்பும்போது அவர் நண்பனின் தோளில் கைவைத்தார். ஆவணியில் இளையவளுக்குக் கல்யாணம், போட்டோ வீடியோ இரண்டும் நீயே பார்த்துக்கொள் என்றார். கூடவே, தன் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் நடந்ததைத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

“உன் சிநேகிதரும் வரட்டும். சாப்புட மட்டும்” என்றார்.