பட்டாபிராமில் ஒரு பனிக்கிருமி

எதிர் ஃப்ளாட் ஷோபனாவைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். அந்த முகத்தில் அவ்வளவு களைப்பு. ஆவடியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வருஷக்கணக்கில் சளியும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டு, நாற்பது வயதில் ஆராய்ச்சி செய்யக் கிளம்பியவள். பட்டாபிராமில் ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, பஸ் மாறி லேபுக்குப் போக வேண்டும். உன்னை யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். சிரிப்பாள்.

அவள் வளர்த்தது இமயமலைப் பனியிலிருந்து வந்த ஒரு பாக்டீரியாவை.

"அதுக்குக் குளுராதா?" என்று ஒருநாள் கேட்டாள் அவள் மாமியார் நாகம்மா.

"மார்கழியில தேங்காய் எண்ணெய் உறைஞ்சுடுதுல்ல அத்தே, நல்லெண்ணெய் உறையாது. நம்ம ஊர்க் கிருமியோட மேல்தோல்ல இருக்கிற கொழுப்பு தேங்காய் எண்ணெய் மாதிரி, குளிர்ல விறைச்சுடும். இதோடது நல்லெண்ணெய் மாதிரி, இளகியே இருக்கும். ஐஸ் பெருசாகிக் கிழிக்காம இருக்க ஒரு புரதமும் செஞ்சு வச்சுக்கும். மெதுவாத்தான் வளரும். ஆனா நம்ம வெயில் பட்டா அவ்ளோதான், உள்ள இருக்கிறதெல்லாம் குலைஞ்சுடும்."

"அப்ப நம்மூருக்கு இன்னாத்துக்கு இட்டுகினு வந்தே?"

மழைக்காலத்தில் லேபின் டீப் ஃப்ரீசர் பழுதாகி, சேமித்ததெல்லாம் போனது. தப்பித்த ஒன்றிலிருந்து மறுபடி வளர்த்தாள். லேப் ஃப்ரிட்ஜில் கிருமி வளரும் சில தட்டுகளை வைத்தவள், பயத்தில் கிருமி அடைத்த ஒரு சின்னக் குழாயை மட்டும் சாப்பாட்டுப் பையில் ஐஸோடு வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவளுடைய டாக்டர் பட்டமே அந்தக் கிருமியை நம்பித்தான். "மாவுப் பக்கத்துல பூச்சியா? இது ஊடா, ஆஸ்பத்திரியா?" என்று நாகம்மா போட்ட கூச்சல் எங்கள் வீடு வரை கேட்டது.

மே மாதம் ஒரு சாயங்காலம் தட்டுகளை எடுத்துப் பார்த்தவள், ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை லேப் ஃப்ரிட்ஜில் தட்டுகள் இல்லை. முப்பத்தேழு டிகிரிச் சூட்டுப் பெட்டிக்குள் இருந்தன. ஆஸ்பத்திரியில் எந்தத் தட்டானாலும் உடம்புச் சூட்டில்தான் வைப்பாள். பழகிய கை அதையே செய்துவிட்டது. எல்லாம் செத்துக் கிடந்தன. யாரைத் திட்டுவது?

வீட்டுக் குழாய் இருக்கிறதே என்று மூச்சு வந்தது. உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று பட்டாபிராமில் மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கரண்ட் இருக்கும்போதே அரைகுறை. நாகம்மாவின் போனும் அணைந்திருந்தது.

உச்சி வெயிலில் மாடிப்படி ஏறி வந்தவளின் முகத்தைப் பார்த்து, கையிலிருந்த விசிறியோடு நானும் பின்னாலேயே போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே வெதுவெதுவென்றிருந்தது. மாவு பொங்கி வழிந்திருந்தது. குழாய் இல்லை.

"தூக்கிப் போட்டுட்டீங்களா அத்தே?" என்று கேட்டாள். எனக்கு நாகம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

நாகம்மா சமையலறை மூலையைக் காட்டினாள். அங்கே கோணி சுற்றிய பெரிய குக்கர். உள்ளே மீன்காரரிடம் வாங்கிய ஐஸ். நடுவில், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய குழாய்.

"காலைலேர்ந்து ஐஸு மாத்திக்கினே கீறேன். மீனு வாங்காம ஐஸு மட்டும் கேட்டா அந்தாளு மொறைக்கிறான். மாவு போனா போவுது, நாளைக்கு அரைச்சுக்கலாம். இத்த எங்க போய் அரைக்கிறது?"

ஷோபனா குக்கர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். நாகம்மா என் கையிலிருந்த விசிறியை வாங்கி அவளுக்கு வீசத் தொடங்கினாள். நடுநடுவே குக்கரைத் தொட்டு, சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.