படுக்கை போட்ட வான்

உரும்பிராயில் என் மோட்டார் சைக்கிளின் ரியூப்பை ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றபோதுதான் அவரைக் கண்டேன். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் காஸ் அடுப்பும் பூட்டிய ஒரு வெள்ளை வானின் பொனற்றில், குடாநாட்டு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அறுபது வயதிருக்கும். காதில் செருகிய பென்சிலை எடுப்பதும், ஓர் ஊரை வெட்டுவதும், திரும்பச் செருகுவதுமாக இருந்தார்.

பத்து நாள் பயணம், எங்கும் காசு கொடுக்காமல் வானிலேயே தங்குவதுதான் திட்டம் என்றார். மணற்காட்டு மணல்மேடு, பருத்தித்துறைக் கடற்கரை, உடுப்பிட்டியில் ஒரு கோயில் வீதி என்று நிறையக் குறித்திருந்தார். பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தன.

“உதுகளை ஏன் அண்ணை வெட்டினனீங்கள்?”

“அங்கையெல்லாம் சொந்தக்காரர் இருக்கினம், தம்பி. வானுக்குள்ளை படுத்தால், எங்கடை வீட்டிலை என்ன குறை எண்டு கோவிப்பினம். எனக்கு விடிய எழும்பேக்கை முன்னுக்குக் கடல் நிக்கோணும். தேத்தண்ணியோடை ஆள் நிக்கக்கூடாது.”

எனக்குப் பாவமாக இருந்தது.

“உடுப்பிட்டியிலை என்ரை தங்கச்சி இருக்கிறாள். பெரிய வளவு. வானை உள்ளுக்கை விடலாம். நான் இப்பவே சொல்லிவிடுறன்,” என்றேன்.

“மெத்தப் பெரிய உபகாரம்,” என்றார். பிறகு பென்சிலை எடுத்து, என் முன்னாலேயே, உடுப்பிட்டியை வெட்டினார்.

இப்போதும் கடற்கரை வீதியால் போகும்போது அந்த வானைத் தேடுகிறேன். கண்டால் நிற்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.