படமாக ஒட்டிய அட்டவணை

யார் யாருடையதைத் திருடி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக, தினமும் செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறேன். இதழுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் மென்பொருளில் போடுவேன். ஏற்கெனவே வெளிவந்த வரிகளோடு ஒத்துப்போகும் இடங்களை அது வண்ணம் பூசிக் காட்டும். மேலே எத்தனை சதவீதம் என்று ஓர் எண் வரும். கல்லூரிகளில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நடுங்குகிறார்கள். நாங்கள் அதற்கு அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை. செய்முறையில் நாலு வரி ஒத்துப்போனால் திருத்தி எழுதச் சொல்லிவிடுவோம். முடிவுகளில் ஒத்துப்போனால்தான் விடமாட்டோம்.

அட்டவணையைத் தட்டச்சு செய்யாமல் யாராவது படமாக ஒட்டியிருந்தால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். எங்கள் மென்பொருளுக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. அதனால் படத்தில் இருக்கும் ஒரு வரிசை எண்களை நானே தட்டித் தேடிப் பார்ப்பேன். அப்படி மாட்டியவர்கள் நிறைய பேர். பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள்.

என் கணவர் கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அங்குள்ள இரும்பு உருக்காலைகள் வெளியே கொட்டும் கசடை மணலுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் கலக்கலாமா என்பது அவருடைய ஆய்வு. இந்த ஆண்டு வெளிநாட்டு இதழில் கட்டுரை வராவிட்டால் வேலை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மனிதர் சோறு தண்ணி மறந்து எழுதினார். எந்த இதழுக்கு அனுப்பினார் என்று நான் கேட்கவில்லை. எங்களிடம் எந்தெந்த இதழ்கள் வருகின்றன என்று வீட்டில்கூடச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஒரு காலை, வரிசையில் அடுத்து இருந்த கட்டுரையைத் திறந்தேன். முதல் பெயர் அவருடையது. உறவினர் எழுதியதைத் தொடக் கூடாது என்பது எங்கள் விதி. மூடுவதற்குள் கண் பக்கங்களை மேய்ந்துவிட்டது. அட்டவணைகள் எல்லாமே படங்கள். எழுதியவர் என் கணவர் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதைப் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு மாற்றிவிட்டார். 

அன்று மாலை வீட்டில் என் கணவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"இந்த வாட்டி மேட்ச்சே வராது. ஒவ்வொரு வரியா உக்காந்துகினு மாத்திட்டேன்."

"டேபிளு?"

"அத்த படமா போட்டுட்டேன். டிபார்ட்மென்ட்ல எல்லாருமே அப்டித்தான். படத்த எவன் படிக்கப் போறான்?"

"நம்பர் உங்களுதுதானே?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கான்கிரீட்ட ஒடச்சிப் பாக்குற மெஷினு ரிப்பேரு. கேட்டுக் கேட்டு பேஜாராப் பூட்ச்சி. பென் டிரைவ்ல இருந்த நம்பர வெச்சிக்கினேன்."

அவர்கள் துறைக்கென்று ஒரு பென் டிரைவ் உண்டு. அங்கே படித்துப் போனவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள் எல்லாருடைய எண்களும் அதில் கிடக்கும். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கமே அங்கே இல்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதுபோல அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"வாபஸ் வாங்கிடுங்க. படத்தையும் படிப்பாங்க" என்றேன்.

"ஒனக்கு ஆபீஸ் புத்தி. ஊட்லகூட எல்லாரையும் திருடனாட்டம் பாக்குற."

கையிலிருந்த கரண்டியை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

அதன்பிறகு பக்கத்து இருக்கைப் பெண் மதிய உணவுக்கு என்னோடு வருவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எந்த வரிசையைத் தட்டித் தேடியிருப்பாள் என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதழிலிருந்து கடிதம் வந்ததும் அவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். உங்கள் அட்டவணையிலுள்ள எண்கள் முன்பே வெளியான ஒரு கட்டுரையோடு ஒத்திருக்கின்றன. இது தற்செயலாகவும் இருக்கலாம். மூல அளவீடுகளை அனுப்பி விளக்கம் தரவும்.

"பாரு, தற்செயலா இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்கோ" என்றார். முகம் தெளிந்துவிட்டது.

"அந்த வரிய நம்பாதீங்க. உண்மைய எழுதிடுங்க, கட்டுரையோட போயிடும். பொய் சொன்னா காலேஜுக்கு எழுதுவாங்க."

"ஒனக்கு இன்னா தெரியும்?"

"அந்த வரிய எழுதினதே நான்தான்."

குற்றமில்லாதவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று, எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் அந்தக் கடிதத்தில் முன்னொரு காலத்தில் நான் சேர்த்த வாக்கியம் அது.

"அப்போ என் கட்டுர உன் ஆபீஸ்லதான் கீது? ஒரு வார்த்த சொல்லேன்."

"சொல்லமாட்டேன்."

"எனக்கு வேல பூடும்."

"தெரியும்" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவர் அனுப்பிய அளவீடுகளைப் பக்கத்து இருக்கைத் திரையில் பார்த்தேன். உட்கார்ந்து உருவாக்கிய எண்கள். எல்லாம் அழகாக, ஒரே சீராக ஏறிக்கொண்டே போயின. கான்கிரீட் அப்படி ஒழுங்காக உடையாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அடுத்த வாரம் பக்கத்து இருக்கைப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, காலேஜ் பிரின்சிபாலுக்கு எழுதுற லெட்டர் மாடல் எந்த ஃபோல்டர்ல இருக்குது?"

எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை. நானும் என் திரையைப் பார்த்தபடியே ஃபோல்டரின் பெயரைச் சொன்னேன்.