மூக்கு நுனியில் ஓர் அறை

நாகல் நகரில், கப்பல் டிக்கெட் ஏஜெண்டின் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பினாங்குக்கு ஒரு வாரக் கடல் பயணம். எனக்கோ ரயிலிலேயே வயிற்றைப் புரட்டும். கடலையே பார்த்திராத இந்த மனிதர், தாமே கட்டிய வீட்டைக் காட்டுவதுபோல, சுவரிலுள்ள கப்பல் வரைபடத்தின்மேல் பிரம்பை முன்முனைவரை ஓட்டுகிறார்.

"மூக்கு நுனி ரூம்பு சார். பினாங்குக் கரையை மொத ஆளாப் பாக்கலாம். பெரிய மனுசங்க அம்புட்டுப் பேரும் இதைத்தான் கேக்குறாங்க."

பெரிய மனிதர்களுக்கு வயிறே கிடையாது போலும்.

ஏஜெண்டுக்கு மிளகு கொண்டுவந்த சிறுமலைக்காரர் ஒருவர் பெஞ்சில் இருக்கிறார். "கப்பலும் மலை பஸ் மாதிரி ஆடுமாய்யா?" என்று என்னிடம் கேட்கிறார்.

"அதைவிட ஆடுமாம்."

உடனே ஏஜெண்டிடம் திரும்புகிறார். "ஏப்பா, நீ மலைக்கு வாரப்ப எந்த சீட்டுல உக்காருவ?"

பிரம்பு நின்றுவிடுகிறது. "பஸ்ஸு வேற, கப்பல் வேற அண்ணே."

"சீட்டைச் சொல்லுப்பா."

"நடு சீட்டுதான். முன்னயும் பின்னயும் தூக்கித் தூக்கிப் போடும், கொமட்டிரும்."

நான் எழுந்து பிரம்பை வாங்கி, கப்பலின் நட்டநடுவில் வைக்கிறேன்.

"எனக்கும் அதே சீட்டு."