அம்மாவின் போன் அளவுத் திரை

அம்மா நிர்மலா, தர்மபுரிக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், கணக்கெல்லாம் ஓடும் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பி.காம். முடித்து பில் போடச் சேர்ந்தவர். சர்வர் வந்தபோது, மற்றவர்கள் தொடப் பயந்ததைத் தொட்டார். சேலத்துக் குளிர்கிடங்கிலும் அவருக்கு வேலை உண்டு. பஸ்ஸில் போய் வருவார். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து பஸ் நின்றால், போனை எடுத்து அங்கிருந்தே சர்வருக்குள் போய்விடுவார்.

நான் பெங்களூரில் இதே தொழிலில் இருக்கிறேன். அவருக்கு ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக் கொடுத்தேன். சர்வரின் திரை படமாகவே போனுக்கு வரும். "அழகா இருக்குது கண்ணு" என்றார். கணவாயில் சிக்னல் மெலிந்ததும் படம் உறைந்துவிட்டது. தன் பழைய டெர்மினல் மல்டிப்ளெக்சருக்கே திரும்பிவிட்டார். கறுப்புத் திரை, எழுத்து மட்டும். இணைப்பு அறுந்தாலும் வேலை சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொருவரும் அதே திரைக்குள் வந்து சேர்ந்து தட்டலாம்.

அந்த இன்னொருவர் அம்பிகா. அம்மாவின் கீழ் வேலை பார்த்தவள், என்னைவிடச் சின்னவள். வரியின் முன்னால் # போட்டால் சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்ட வரிகளில் இருவரும் நாள் முழுக்கப் பேசினார்கள். என்னிடம் போனில் பேசியது, "சாப்பிட்டியா? வெச்சுடட்டுமா?"

தையில் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் ஆலை முதலாளி சவுரியப்பன் கூப்பிட்டார்.

"புதுசா வர்ற ஆளுக்கு ரெண்டு முறையில எது சரின்னு நீயே சொல்லும்மா. நீ சொல்றதுதான்."

ரிமோட் டெஸ்க்டாப் என்று சொல்லத்தான் கிளம்பினேன். அவர்கள் இருவரும் பேசிய அந்தக் கறுப்புத் திரை மூடப்பட வேண்டும்.

ஆலையில் அம்பிகாவின் பெரிய மானிட்டரில் எழுத்துகள் மூலையில் கையகலத்துக்குள் ஒடுங்கியிருந்தன. சுற்றிலும் வெறும் புள்ளிகள்.

"என்ன இது?"

"உள்ள இருக்கறவங்கள்ல யாரு திரை சின்னதோ, எல்லாருக்கும் அந்த அளவுதானக்கா. அம்மா போன் இன்னும் உள்ள இருக்குது. சிக்னல் போனாலும் தானா வந்து ஒட்டிக்குது."

போன் என் பையில் இருந்தது. தினமும் சார்ஜ் போடுகிறேன். எனக்கு மட்டுமே தெரிந்த காரியம் என்று நினைத்திருந்தேன்.

"ஒரு கமாண்டுல கழட்டலாமே?"

"தெரியும்க்கா. கை வரல. கண்ணுதான் வலிக்குது." சிரித்தாள். "காலைல வந்ததும் போன் இருக்குதான்னு பாப்பேன். நீங்கதான் சார்ஜ் போடறீங்கன்னு தெரியும். 'எம் பொண்ணு எதையும் அணைய வுடமாட்டா'ன்னு அம்மா சொல்வாங்க."

என்னிடம் சொன்னதில்லை.

அம்மா கடைசியாகத் தட்டிய பக்கத்தை அவள் தொடாமல் வைத்திருந்தாள். அதில் இருந்த கடைசி வரி:

# கணவாய் தாண்டிட்டேன். நீ வூட்டுக்குக் கிளம்பு கண்ணு.

கண்ணு. அது என் பெயர் என்றிருந்தேன்.

சவுரியப்பனிடம் போய், "பழைய முறையே இருக்கட்டுங்க. தொப்பூர்ல படம் வராது" என்றேன். தொழில் தெரிந்தவள் வேறு எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கையகல இடம் அம்மாவின் அளவு. அதை அம்பிகாவுக்கு விட்டுவைக்க மனம் வரவில்லை.

திரும்பி வந்து, அவள் முன்னாலேயே அம்மாவின் போனை எடுத்து இணைப்பைக் கழற்றினேன். எழுத்துகள் சட்டென்று மானிட்டர் முழுக்க விரிந்தன.

"அக்கா!"

"கண்ணு வலிக்குதுன்னியே."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனுக்கு இன்றைக்கும் சார்ஜ் போடுகிறேன். அம்பிகாவின் திரையில் அது தெரியாது.