ஒழுகிய வீடு

குற்றாலத்து அருவிக்கு ஊரெல்லாம் வருகிற ஆனி மாதத்தில், அருவியே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சிற்றாற்றங்கரையில் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒற்றை அறை வீடு. சித்திரையிலேயே எல்லோரும் பழைய ஓலையைப் பிரித்துப் புதிது வேய்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. சாரல் பிடித்ததும் பானை, சட்டி என்று கிடைத்ததையெல்லாம் ஒழுகுகிற இடத்தில் வைத்தார். அம்மாவின் பாயை நனையாத மூலையாகப் பார்த்து இழுத்து இழுத்துப் போட்டார். இப்படியொரு சோம்பேறி அப்பா எனக்கு வாய்த்தாரே என்றிருந்தது. ஏழு வயதில் மானம் ரொம்பப் பெரிது.

சேதி கடையத்தில் இருந்த அம்மாவின் தம்பிக்கு எட்டிவிட்டது. மாமா வண்டி நிறைய ஓலையோடு வந்தார். அப்பா வயலில் இருந்தார். அடுப்பு நனைந்துபோனதால் அம்மா பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போயிருந்தாள். மாமா யாரையும் கேட்கவில்லை. ஏணியைச் சாத்தி ஏறிவிட்டார். நான் கீழே நின்று குதித்தேன்.

அப்பா வந்தார். யாரையும் அதட்டாத மனிதர். நேரே போய் ஏணியை எடுத்துத் தரையில் கிடத்தினார்.

"அத்தான், என்ன வெளையாட்டு இது? ஏணிய வையும்!"

"ஓலையத் தொடமாட்டேன்னு சொல்லுலே, வைக்கேன். இல்லன்னா அங்கனயே கெட."

"நனையுதது எங்க அக்கா. ஒமக்கென்ன!"

சிரட்டையில் கங்கோடு அம்மா வந்தாள். கூரைமேல் தம்பியைக் கண்டதும் சிரட்டை நழுவி விழுந்தது. கை வயிற்றுக்குப் போயிற்று.

"பிரிச்சிட்டியாலே?" என்றாள்.

"இல்லக்கா, இன்னும் கை வைக்கல." மாமா அந்தக் கையைப் பார்த்துவிட்டார். "எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா?"

அப்பா ஏணியை வைத்தார். இறங்கி வந்த மாமா, அப்பாவின் தோளைப் பிடித்து அழுத்தினார். பிறகு ஓலையையெல்லாம் மாட்டுக்கொட்டிலில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை.

கார்த்திகையில் தம்பி பிறந்தான். தையில் கூரை வேய்ந்தோம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டுக் கூரையைப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முந்தின வருஷம், பிள்ளை தங்கியது அம்மாவுக்கே தெரியாத நாளில் அப்பா பிரித்து வேய்ந்துவிட்டார். அந்தப் பிள்ளை நிலைக்கவில்லை. அதனால்தான் இந்த முறை யாரிடமும் மூச்சு விடவில்லை. இதெல்லாம் எனக்குக் கல்யாணமாகி, நான் உண்டான பிறகு அம்மா சொன்னது.

அந்த முந்தின வருஷத்துச் சாரல் நினைவிருக்கிறது. வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், காய்ச்சல் என்றார்கள். பக்கத்தில் அப்பா உட்கார்ந்து புதுக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தான் வேய்ந்த அழகை ரசிக்கிறார் என்று நினைத்து, நானும் அவர் மடியில் ஏறிக்கொண்டு சந்தோஷமாகப் பார்த்தேன்.